கண்மாய்க்குள் ஒரு கடல் மேடை

கடல் மேடையை ஜாக்கி வைத்துத் தூக்குகிற வேலை, அந்த ஜாக்கிங் பற்றிப் பயிற்சிக்கு வந்திருக்கும் உங்களிடம் பேசு என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கையேட்டில் இருப்பதைக் கையேட்டிலேயே படித்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்வதற்கு அருப்புக்கோட்டையில் வேப்பங்காற்று வாங்கிக்கொண்டிருந்த கிழவனை இவ்வளவு தூரம் இழுத்துவர வேண்டியதில்லை. இப்போதெல்லாம் ஒரு பொத்தானை அமுக்கினால் தளம் ஏறுகிறது, திரையில் எண்கள் ஓடுகின்றன. பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை என்று உங்கள் முகங்களைப் பார்த்தாலே தெரிகிறது. 'இன்னும் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறாய், தூக்கு' என்று பின்னாலிருந்து நெருக்குகிற ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அவர்களை என்ன செய்வது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். நான் அதைப் படித்த இடத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். திருச்சுழிக்கும் வீரசோழனுக்கும் நடுவில் உள்ள எங்கள் ஊர்க் கண்மாய். தண்ணீர் ஓர் ஆளின் நெஞ்சளவு.

அறுபதுகளில் நான் அருப்புக்கோட்டையில் லாரிப் பட்டறை வேலை பார்த்தவன். லாரிக்கடியில் ஜாக்கி வைக்கத் தெரியும் என்பதுதான் என்னிடமிருந்த ஒரே வித்தை. அந்த வித்தை என்னை எண்ணெய்க் கிணறு தோண்டும் வேலைக்குக் கொண்டுபோய், எழுபதுகளின் நடுவில் பம்பாய்க் கடலில் நிற்கும் துளையிடும் மேடை ஒன்றில் இறக்கிவிட்டது. மழையையே அபூர்வமாகப் பார்த்த கரிசல்காட்டுக்காரனுக்கு நாலு பக்கமும் தண்ணீர். முதல் மாதம் வாந்தி எடுத்தே மெலிந்தேன். பிறகு அந்த மேடையை வீட்டு மாட்டைப் போல நேசிக்க ஆரம்பித்துவிட்டேன். சத்தம் மாறினாலே எனக்குத் தூக்கம் வராது.

ஒரு தை மாதம் விடுப்பில் ஊருக்கு வந்தேன். அம்மா எனக்குக் கல்யாணம் பேசத் தயாராக இருந்தார். பெண் வேறு யாருமில்லை, அம்மாவின் அண்ணன் மகள் ராக்கு. முறைப்பெண். சின்ன வயதிலிருந்தே எனக்கு அவள் மேல் கொள்ளைப் பிரியம். கடலில் தனியாக நின்ற எத்தனையோ பொழுதுகளில் அவள் முகத்தை நினைத்துக்கொண்டுதான் நின்றேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

மாமா எங்கள் ஊர் அம்பலம், ஊர்த் தலைவர். கோயிலில் முதல் விபூதி அவருக்குத்தான். புது வண்டி வாங்கினாலும், புதுக் கிணற்றில் தண்ணீர் கண்டாலும், முதலில் கால் வைப்பது அவர். ஊரில் அதை யாரும் கேள்வி கேட்டதில்லை. முகம் நிறைய மீசை முறுக்கி வைத்திருந்த மனிதர், ஆனால் தங்கச்சி வீட்டுக்கு வரும்போதெல்லாம் எனக்குக் கருப்பட்டி மிட்டாய் வாங்காமல் வரமாட்டார். அப்படிப்பட்டவர், நாங்கள் பெண் கேட்டு அவர் வீட்டுக்குப் போனபோது, என் வேலையைக் கேட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

"எம்மகளக் கரிசல்ல நிக்கிறவனுக்குக் குடுப்பேன். கடல்ல மெதக்குறவனுக்குக் குடுக்க மாட்டேன்."

"மாமா, அது மெதக்காது. நிக்கும்."

"கடல்ல எதுடா நிக்கும்? ஒண்ணு மெதக்கும், இல்லாட்டி முங்கும்."

"நடுவுல ஒண்ணு இருக்கு மாமா. மூணு கால் உள்ள கப்பல்னு வச்சுக்கங்களேன்."

உள்ளே பானையில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த ராக்கு சிரித்துவிட்டாள். "கப்பலுக்குக் கால் மொளச்சிருக்காம்ல" என்று அவள் தன் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

நான் மாமாவுக்குச் சொன்னபடியே உங்களுக்கும் சொல்கிறேன். இங்கே கணக்குப் பிரிவிலிருந்து வந்தவர்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்களுக்கும் புரியட்டும். ஒரு பெரிய தளம். அதன் மூன்று மூலையிலும் கோபுரம் கோபுரமாகக் கால்கள். கடலில் இழுத்துப் போகும்போது கால்கள் மேலே தூக்கியிருக்கும், தளம் மிதக்கும். இடம் வந்ததும் ஜாக்கிகளை வைத்துக் கால்களை இறக்கிக் கடலடி மண்ணில் ஊன்றுவோம். பிறகு அதே ஜாக்கிகள் தளத்தைக் கால்களின் மேல் ஏற்றும். பனையேறி எப்படி ஏறுகிறான்? கை பிடித்திருக்கும்போது கால் ஏறும், கால் பிடித்திருக்கும்போது கை ஏறும். தளமும் அப்படித்தான் பிடித்துப் பிடித்து, அலை தொடாத உயரத்துக்குப் போய் நிற்கும். வேலை முடிந்தால் அதே மாதிரி இறங்கி, தண்ணீரில் மிதந்து, காலைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடும்.

மாமா மீசையைத் தடவினார். "வாய்ப்பந்தல் போடாத. செஞ்சு காட்டு, பாப்பம். நின்னுச்சுன்னா பேசுவோம். நிக்கலன்னா ஒங்கம்மா இந்தப் பேச்சையே எடுக்கப்படாது."

அந்த வருஷம் நல்ல மழை. கண்மாய் நிறைந்து கிடந்தது. என்னுடன் பட்டறையில் வேலை பார்த்த சீனியிடம் போய்ச் சொன்னேன். அவன் மூன்று எண்ணெய் ஜாக்கிகளோடு பஸ் ஏறி வந்துவிட்டான். "ஒரு பஸ்ஸுக்கு எதுக்குய்யா மூணு ஜாக்கி? எங்க வண்டி மேல அம்புட்டு நம்பிக்கையா?" என்று கண்டக்டர் வழி நெடுகக் கிண்டலடித்ததாகச் சொன்னான். வீரசோழனில் மண்ணெண்ணெய் வியாபாரம் செய்த பாய் ஒருவர் காலி டிரம்களைக் கொடுத்தார். காரணம் கேட்டார், சொன்னேன். "மாப்பிள்ளையாகுறதுக்கு டிரம்மு கேட்டு வந்த ஆள் நீங்கதான் தம்பி" என்று அவரே வண்டியில் ஏற்றிவிட்டார்.

டிரம்களை வரிசையாகக் கட்டி, மேலே பலகை அடித்து, முக்கோணமாக ஒரு தளம் செய்தோம். மூன்று மூலையிலும் பனஞ்சட்டம் மூன்று, கால்களுக்கு. சட்டத்தில் துளையிட்டு இரும்புக் கம்பியைச் செருகி, அதன் மேல் ஜாக்கியை நிறுத்தினால், அது தளத்தின் மேல் நாங்கள் கட்டிய குறுக்குக் கட்டையை முட்டித் தூக்கும். ஒரு மூலையில் நான், ஒரு மூலையில் சீனி, மூன்றாவது மூலையில் என் அண்ணன்.

இப்போது கவனியுங்கள். கடலடி மண் எப்படிப்பட்டது என்று மேலே நிற்கிறவனுக்குத் தெரியாது. மேலே கெட்டியாக ஒரு பொருக்கு இருக்கும், கீழே களி இருக்கும். கால் பொருக்கில் நிற்கும்போது எல்லாம் சரியாகத்தான் தோன்றும். பாரம் கூடும் நாளில் பொருக்கு உடையும். அதனால்தான் நாம் முதலில் தளத்தைத் தண்ணீருக்குச் சற்றே மேலே மட்டும் தூக்கி நிறுத்தி, தொட்டிகளில் கடல் நீரை ஏற்றுகிறோம். புயலடிக்கும்போது கால் தாங்கவேண்டிய பாரத்தை அன்றைக்கே தாங்க வைக்கிறோம். புதைய வேண்டிய கால் அப்போதே புதைந்து தொலையட்டும். தளம் தாழ்வாக இருந்தால் தண்ணீர் அதைப் பிடித்துக்கொள்ளும். உயரத்தில் இருக்கும்போது ஒரு கால் போனால் கடவுள்தான் பிடிக்க வேண்டும்.

கண்மாய்க் கரையில் ஊரே கூடிவிட்டது. பக்கத்து ஊர் ஆட்கள்கூட வந்திருந்தார்கள். ராக்கு பெண்களோடு கரையில் நின்றாள். நான் நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டு, மேடை மேல் முதலில் பத்துப் பேர் ஏறி நில்லுங்கள், பாரம் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்துக் கோபத்தோடு கேட்டார்.

"அம்பலம் கால் வைக்குறதுக்கு முன்னால கண்டவனும் ஏறுறதா? எந்த ஊரு வழக்கம்டா இது? கடலுக்குப் போனா ஊரு மறந்து போகுமா?"

எனக்குச் சுருக்கென்றது. கடலில் இப்படி ஒரு சிக்கலை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. முதல் மரியாதைக்காரரை விட்டுவிட்டு ஊராரை ஏற்றினால் மாமாவைச் சபையில் அவமதித்தது போலாகும், பெண்ணை மறந்துவிட வேண்டியதுதான். மாமாவை ஏற்றினால், பாரம் பார்க்காத தளத்தில் ஒரு மனிதரை ஏற்றுகிறேன். மணல் மூட்டையை வைக்கலாமா என்று கேட்டேன். "மூட்டைக்குத்தான் மொத மரியாதையா?" என்று ஒருவன் கேட்டான். கரையே சிரித்தது.

யோசித்தேன். மரியாதையை விட்டுக்கொடுக்கிறேன், உயரத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். மாமா ஏறட்டும். ஆனால் தளம் தண்ணீரிலிருந்து ஒரு சாணுக்கு மேல் போகாது.

மாமா வெள்ளை வேட்டி, தலையில் உருமால். மடக்கு நாற்காலியோடு ஏறி நடுவில் உட்கார்ந்தார். நாங்கள் மூன்று பேரும் ஜாக்கியை அடித்தோம். தளம் மெல்ல மெல்லத் தண்ணீரை விட்டு எழுந்தது. டிரம்களிலிருந்து நீர் சொட்டியது. கரையில் குலவைச் சத்தம். ஒரு சாண் வந்ததும் நான் கையை உயர்த்தி நிறுத்தினேன்.

மாமா குனிந்து பார்த்தார். "இம்புட்டுத்தானா? தவளை தாண்டுற ஒசரம்டா இது. தூக்கு."

"பாரம் ஏறட்டும் மாமா. பெறகு தூக்குறேன்."

"நான் பாரமில்லையா? தூக்குங்கிறேன்."

கரையிலிருந்தும் கத்த ஆரம்பித்தார்கள். தூக்கு, தூக்கு, ஆள் ஒசரத்துக்குத் தூக்கு. பக்கத்து ஊர்க்காரர்கள் விசிலடித்தார்கள். என் அம்மா கரையோரம் வரை இறங்கி வந்து கண் கலங்கக் கெஞ்சினார். "அண்ணன் வாய்விட்டுச் சொல்றாகள்ல, தூக்கேம்ப்பா. ஒரு சொல்லுல கெடுத்துக்கிறாதய்யா." சீனிகூட மெதுவாக, "ஒரு ரெண்டு சாண் ஏத்துவமா?" என்றான்.

பிள்ளைகளே, எனக்கும் ஆசைதான். ஆள் உயரத்துக்குத் தூக்கிக் காட்டினால் அந்த நிமிஷமே பெண் எனக்கு. ராக்கு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியாது மாமா. எடை ஏறாம ஒசரம் ஏறாது. பொண்ணு இல்லைன்னாலும் சரி."

மாமாவின் முகம் கறுத்துவிட்டது. "சரி, ஏத்து ஒன் எடைய" என்று கரையைப் பார்த்துக் கையசைத்தார். அவர்தான் ஏறிவிட்டாரே, இனி வழக்கத்துக்குக் குறையில்லை. பங்காளிகள் ஒவ்வொருவராகத் தண்ணீரில் இறங்கி வந்து ஏறினார்கள். நாலாவது ஆள் பலகையில் கால் வைத்ததும் அண்ணன் பக்கத்துக் கால் 'மொளுக்' என்று கீழே போனது.

பிறகுதான் தெரிந்தது, அந்த இடத்தில் முன்பு கோடையில் வயலுக்கு வண்டல் வெட்டிய குழி இருந்திருக்கிறது. மாடுகள் மிதித்து மேலே காய்ந்து போன பொருக்கு, உள்ளே வெறும் சேறு. வண்டல் வெட்டியது யார் என்கிறீர்கள்? மாமாவேதான். அவருக்கே மறந்து போயிருந்தது.

அந்த மூலை சரிந்தது. நாற்காலி சறுக்கியது. மாமா தலைகுப்புறத் தண்ணீருக்குள். அவர் விழுந்த பக்கமே தளமும் சாய்ந்து நின்றது. மேலே இருந்தவர்கள் சறுக்கிக்கொண்டு அதே மூலைக்கு வர, தளம் இன்னும் சாய்ந்தது. கவிழ்ந்தால் டிரம்களோடு அவர் மேல்தான் கவிழும். கரையில் எல்லோரும் ஒரே குரலில், "அந்தப் பக்கம் தூக்கு! தூக்குடா!" என்று அலறினார்கள். அண்ணன் பதறிப்போய் ஜாக்கியை அடிக்கத் தொடங்கிவிட்டான். புதைகிற காலை அழுத்தினால் அது இன்னும் புதையத்தான் செய்யும்.

"அண்ணே, கைய எடு! சீனி, எறக்கு!"

சீனி ஒரு கணம் விழித்தான், பிறகு புரிந்துகொண்டான். எண்ணெய் ஜாக்கியில் திருகைத் தளர்த்தினால் போதும், சட்டென்று அமுங்கிவிடும். அவனும் நானும் ஒரே நேரத்தில் திருகைத் திருப்பினோம். உயர்ந்து நின்ற இரண்டு மூலைகளும் இறங்கி, தளம் 'தொப்'பென்று தண்ணீரில் உட்கார்ந்து, சமமாக மிதந்தது. ஒரு சாண் உயரம்தானே. பங்காளிகள் பலகையைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு இருந்தார்கள். மாமா இரண்டு முழம் தள்ளி எழுந்து நின்றார். மீசை இரண்டும் தொங்கிவிட்டன. உருமால் தனியாக மிதந்து போய்க்கொண்டிருந்தது.

பக்கத்து ஊர்க்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் ஊரில் யாரும் சிரிக்கவில்லை. மாமா கரையேறி, மடைக்குப் பக்கத்தில் கல்லில் போய் உட்கார்ந்து வேட்டியைப் பிழிந்தார். "ஆத்தாடி, எல்லாம் போச்சே" என்று அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் நனைந்த கோழி மாதிரி நின்றுகொண்டிருந்தபோது, மாமா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அடி விழும் என்றே நினைத்துப் போனேன்.

"உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். வேட்டி நுனியை இன்னொரு தரம் பிழிந்தார்.

"ஒன் சின்ன மாமன் எப்புடிச் செத்தான்னு தெரியுமா ஒனக்கு?"

"கெணறு வெட்டையில மண்ணு சரிஞ்சுச்சுன்னு அம்மா சொல்லும்."

"சரியும்னு அவனுக்குத் தெரியும்டா. 'அண்ணே, பக்கச் செவுரு கசியுது, மரம் குடுத்து முட்டுக் கட்டிட்டு எறங்குறேன்'னு சொன்னான். மேல நின்ன பூராப்பேரும், 'பொழுது போகுது, எறங்கு எறங்கு'ன்னு கத்துனாக. நானும் கத்துனேன். அண்ணன் சொல்லிட்டேன்னு எறங்கிட்டான்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். அது கண்மாய்த் தண்ணீர் மட்டுமில்லை.

"இன்னைக்கு ஊரே தூக்குன்னுச்சு. பொண்ணு குடுக்குற மாமன், நானும் தூக்குன்னேன். நீ முடியாதுன்னுட்ட. அவனும் ஒரு வார்த்த, 'முடியாதுண்ணே'ன்னு சொல்லிருந்தா இருந்திருப்பான்ல?"

இந்த வேலையில் நான் பார்த்த பெரிய பெரிய ஆபத்துகளுக்கெல்லாம் யோசித்துப் பார்த்தால் இதே கதைதான். ஆபத்து வருமென்று தெரிந்த ஒருவன் இருந்திருப்பான். அவனைச் சுற்றி நல்லவர்கள், பிரியமானவர்கள், பெரியவர்கள் நின்று அவசரப்படுத்தியிருப்பார்கள். விரோதி சொன்னால் நாம் சுலபமாக மறுத்துவிடுவோம். மாமா சொன்னால்தான் கஷ்டம். உங்கள் மேலதிகாரி உங்களுக்குப் பிடித்த மனிதராக இருக்கும் நாளில்தான் ரொம்பக் கவனமாக இருங்கள். அதேபோல் நாளைக்கு நீங்கள் பெரியவர்களாகி, கீழே நிற்கிறவனைப் பார்த்துக் கத்தும் இடத்துக்கு வருவீர்கள். அன்றைக்கு வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொள்ளுங்கள். இது முன்னதைவிடக் கஷ்டம்.

மாமா எழுந்தார். மடைக்கல்லில் நின்றபடியே ஊரைப் பார்த்துச் சத்தம் போட்டார். "ஏலே, மறுபடி நிறுத்துங்கடா. குழி இல்லாத பக்கமாப் பாத்து நிறுத்துங்க. இவன் சொல்றபடி நடக்கட்டும்."

தளத்தை மடைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனோம். கால்களை இறக்கினோம், ஒரு சாண் தூக்கினோம், நிறுத்தினோம். பாரம் ஏற்ற ஆள் கேட்டேன். எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கரையிலேயே நின்றார்.

"எம்மூஞ்சிய என்ன பாக்குறீக? ஏறுங்க."

தயங்கித் தயங்கி ஏறினார்கள். பங்காளிகள் ஏறினார்கள், என்னைக் கோபித்துக்கொண்ட பெரியவர் ஏறினார், விசிலடித்த பக்கத்து ஊர்க்காரர்களும் ஏறினார்கள். போதவில்லை என்றேன். ராக்கு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நானும் ஒரு மூட்டைதான்" என்று இறங்கி வந்து ஏறிவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பெண்கள். தளத்தில் நிற்க இடமில்லை. மூன்று கால்களும் ஒன்றுபோல நாலு விரல் புதைந்தன, தளமும் சாயாமல் சமமாகவே இறங்கியது. பிறகு கால்கள் நின்றன. நான் காத்திருந்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. கரையில் அவ்வளவு அமைதியை நான் அதற்கு முன்னால் எங்கள் ஊரில் கேட்டதேயில்லை.

எல்லோரையும் இறக்கிவிட்டுத் தளத்தைத் தூக்கினேன். கம்பியை மாற்றி மாற்றிச் செருகி, பிடித்துப் பிடித்து, ஆள் உயரத்துக்கு. ஏணி சாத்தினோம். அப்போதுதான் மாமா வந்தார். ஊரில் எதிலும் முதல் கால் வைக்கிற மனிதர், எல்லோரும் ஏறி இறங்கிய பிறகு, கடைசி ஆளாக, ஈர வேட்டியோடு ஏணியில் ஏறினார். பலகையை ஒரு முறை காலால் தட்டிப் பார்த்தார். பிறகு விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுக்கொண்டார். கீழே தண்ணீர் தளத்தைத் தொடாமல் அலைந்துகொண்டிருந்தது.

நான் ஜாக்கிக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஒங்க கடல்காரவுக கல்யாணத்துக்கு எத்தன நாளு லீவு குடுப்பாக?"

"பதினஞ்சு நாள் குடுப்பாக மாமா."

"பத்தாது" என்றார் மாமா. "விருந்துக்கே பத்தாது. கூட ஒரு வாரம் கேளு. குடுக்கலன்னா, முடியாதுன்னு சொல்லிட்டு வா. ஒனக்குத்தான் அது நல்லா வருதே."